ஐயாயிரத்து ஒரு டொலர்

றெமிஜியஸுக்கு றக்பியின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனாலும் ரொறன்ரோவின் றக்பி லீக் அணி ஒன்றில் பதினொரு வருடமாக அவர்தான் கணக்காளர். விட்பியிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, வீரர்களின் மொத்தச் சம்பளம் லீக் போட்ட வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார். தாண்டினால் அணிக்கு இரண்டு புள்ளி வெட்டு. முதலில் வீட்டுக்குப் போவது நீதான் என்று மனேஜர் வருடா வருடம் நினைவூட்டுவார்.

வெளியார் கொடுக்கும் விளம்பரக் காசுதான் பெரிய தலையிடி. கடைக்காரர் ஒருவர் தானாகத் தேடிவந்து வீரருக்குக் கொடுத்தால் அது வரம்பில் சேராது. அணியில் வேலை செய்யும் யாராவது பேசி ஒழுங்கு செய்தால் சேரும். இதை எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொன்ன மனிதர், போன வைகாசியில் தானே போய் மாட்டிக்கொண்டார்.

மனைவி றோசலினின் தம்பி இக்னேசியஸ் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் மேசை, கதிரை விற்கும் தளபாடக் கடை திறக்க இருந்தான். ரிபன் வெட்ட ஒரு பிரபலம் வேண்டும் என்று அக்காவை நச்சரித்தான். வீட்டில் நிம்மதி வேண்டுமே, றெமிஜியஸ் அணியிலிருந்த சியோனேயைக் கேட்டார். தொங்கா தீவுக்காரன், கதவளவு ஆள். லீக்குக்கும் முறைப்படி எழுதினார்: ஒழுங்கு செய்தது நான், தொகை ஐயாயிரம், வரம்பில் சேர்க்கவும். வரம்பில் மிச்சம் இருந்ததும் சரியாக அவ்வளவுதான். மைத்துனனிடமும் சொல்லிவைத்தார்:

"ஒரு சதமும் கூடப் போடக்கூடாது, விளங்குதோ?"

"ஓம் அத்தான், போடமாட்டன்."

திறப்பு விழா முடிந்த திங்கட்கிழமை சியோனே ஒரு என்வலப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கிடைப்பதையெல்லாம் காட்டச் சொல்லிப் பழக்கியவர் றெமிஜியஸ்தான். உள்ளே ஐயாயிரத்துக்குக் காசோலை. மூலையில் ரேப் நாடாவால் ஒட்டிய ஒரு டொலர் நாணயக் குற்றி.

மைத்துனனுக்குப் போன் எடுத்தார்.

"நல்ல காரியத்துக்கு ஆரும் மொட்டையாக் குடுப்பினமே, அத்தான்? ஒண்டு வைச்சாத்தான் பெருகும். உதெல்லாம் காசில சேருமே?"

"சேரும்."

"அப்ப உங்கட பொக்கற்றுக்க போடுங்கோ. ஆர் பாக்கப் போகினம்?"

மனேஜரும் அதையேதான் ஆங்கிலத்தில் சொன்னார். றெமிஜியஸுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. வாங்கியது வாங்கியதுதான், திருப்பிக் கொடுத்தாலும் கணக்கில் சேரும் என்பது விதி. அதே விதியைக் காட்டி எத்தனை வீரர்களின் வாயை அடைத்திருக்கிறார். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. படிவத்தில் ஐயாயிரத்து ஒன்று என்று அடித்து, மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட்டார்.

லீக் இரண்டு புள்ளியை வெட்டியது. மனேஜரும் சொன்ன சொல் தவறவில்லை. விடைபெறப் போனபோது சியோனே மட்டும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தான்.

இப்போது அவர் இக்னேசியஸின் கடையில் கணக்கு எழுதுகிறார். வேறு எங்கும் கேட்டுப் பார்க்காமல் இல்லை. முதல் மாத முடிவில் மைத்துனன் இரண்டு கையாலும் ஒரு என்வலப்பை நீட்டினான். முகத்தை நேரே பார்க்கவில்லை.

"குறை நினையாதேங்கோ அத்தான்."

உள்ளே சம்பளக் காசோலை. மூலையில் ரேப் நாடாவால் ஒட்டிய ஒரு டொலர் குற்றி. றெமிஜியஸுக்கு ஆத்திரமும் வந்தது, கண்ணும் கலங்கியது. கணக்குக் கொப்பியை விரித்து, சம்பளத்துக்குக் கீழே தனி வரியில் அந்த ஒரு டொலரையும் பதிந்தார்.