ஏழு கட்டில் கயிறும் ஒரு நெளிந்த வயலும்

பார்லோ சமவெளியில் ஒருவனுடைய வயலைப் பற்றி இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள். நெடுக்கே நேராக இருக்கிறதா? குறுக்கேயும் நேராக இருக்கிறதா?

மே மாதத்தில் விதைத்த மக்காச்சோளம் ஜூனில் தலைகாட்டியதும், ஞாயிறு ஆராதனை முடிந்து கிளம்பும் குதிரை வண்டிகள் நேராக வீட்டுக்குப் போகாது. ஊரைச் சுற்றும். ஒவ்வொரு வயலின் முன்பும் ஒரு நிமிடம் நிற்கும். பெண்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஒரு கண்ணைச் சுருக்கி வரிசை பார்ப்பார்கள். கோணலாக விதைத்தவன் பயிர் ஆள் உயரம் வளர்ந்து அதை மறைக்கும்வரை கடைத்தெரு பக்கம் தலைகாட்ட மாட்டான்.

இந்த ஊரில் இன்றுவரை அதிகம் பேர் வந்து பார்த்த வயல் ஹெப்சி ஓடெலுடையது. அதிகக் கோணலானதும் அதுதான்.

ஒன்பது வயதில் ஓஹையோவிலிருந்து மாட்டு வண்டியில் இல்லினாய்க்கு வந்தவள் ஹெப்சி. நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். தேவாலயப் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். அதுவும் போதாது என்று தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. சமையலில் சோளரொட்டியைத் தாண்டியதில்லை. ஆனால் கையில் ஒரு திருகுசாவி கிடைத்தால் போதும். கடிகாரம், தண்ணீர்ப் பம்பு, வெண்ணெய் கடையும் பெட்டி, எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவாள். தேவாலயத்து ஆர்மோனியத்தைப் பழுதுபார்த்தபோது மூன்று திருகாணிகள் மிச்சமாயின. அவை இல்லாமலே அது இன்னும் பாடுகிறது.

அவளுடைய கணவன் லெம் ஓடெல் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவான். விதைப்பு வண்டியில் அவனுக்குப் பின்னிருக்கை, குதிரைகளை ஓட்டுவது. ஹெப்சிக்கு முன்னிருக்கை. வயலின் குறுக்கே நாலடிக்கு ஒன்றாக முன்பே கோடு கிழித்திருப்பார்கள். வண்டி ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் அவள் ஒரு கைப்பிடியைச் சட்டென்று இழுக்க வேண்டும்; இரு பக்கமும் நாலு நாலு விதை விழும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் குறுக்கு வரிசை தப்பிவிடும். தப்பினால், பிறகு களைவண்டியைக் குறுக்கே ஓட்டும்போது அதன் கொழுமுனைகள் களையோடு பயிரையும் பிடுங்கிப் போட்டுவிடும். ஒன்பது வசந்தமாகக் கோட்டையே பார்த்துப் பார்த்து, தூக்கத்திலும் கையை இழுப்பாள் என்பது லெம் செலவழித்த பத்து வார்த்தைகளில் ஒரு பங்கு.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது ஏப்ரலில் லெம் கோழிக்கூட்டின் கூரையிலிருந்து விழுந்து இடது காலை உடைத்துக்கொண்டான். விதைக்க வேண்டியது நாற்பது ஏக்கர். ஊரில் எல்லாருக்கும் அதே இரண்டு வாரம்தான் விதைப்பு. கூலிக்கு ஒரு கை கிடைக்காது. நிலம் சைரஸ் கில்பினுடையது. நகரத்தில் குடியிருந்த கில்பின், குத்தகைத் தாளில் ஒரு வரி எழுதியிருந்தார்: பயிரை ஜூலை நான்காம் தேதிக்குள் நெடுக்கும் குறுக்கும் களையெடுக்க வேண்டும். தவறினால் மார்ச் முதல் தேதி வீட்டைக் காலி செய்ய வேண்டும். அன்றுதான் இங்கே குத்தகைக்காரர்கள் வீடு மாறுவார்கள். மூட்டை முடிச்சு, கோழிக்கூண்டு, அடுப்போடு வண்டிகள் சேற்றில் எதிரும் புதிருமாகப் போகும். ஹெப்சி அந்த ஊர்வலத்தில் ஏற்கெனவே நாலு முறை போயிருந்தாள். ஐந்தாம் முறை போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

கைப்பிடியைப் பின்னிருக்கைக்கு இழுத்துக் கட்டி, தானே ஓட்டி, தானே இழுத்துப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தால் குதிரை விலகியது. குதிரையைப் பார்த்தால் கோடு போய்விட்டது.

அன்று சாப்பாட்டு வேளையில் லெமின் படுக்கையருகே வந்து நின்றாள்.

"லெம், கோட்டை நான் எதுக்குப் பாக்கணும்? வண்டியே பாத்துக்கிட்டா?"

"வண்டிக்குக் கண்ணு ஏது?"

"கயிறு. வயலு அகலத்துக்கு ஒரு கயிறு. நாலடிக்கு ஒரு முடிச்சு. ரெண்டு முனையும் முளையில கட்டிருவேன். வண்டி ஓரத்துல ஒரு இரும்புக் கவை. முடிச்சு வந்து கவையில மாட்டும், இழுக்கும், விதை விழும், முடிச்சு நழுவிப் போயிரும். நான் பாட்டுக்குக் குதிரைய ஓட்டுவேன்."

லெம் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான். "அவ்ளோ கயிறுக்கு எங்க போவே?"

ஹெப்சி அவன் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தாள்.

"இதத் தொட்டே, இன்னொரு காலையும் ஒடச்சுக்குவேன்" என்றான் லெம்.

வயலின் அகலம் அறுநூற்றறுபது அடி. ஒரு கட்டிலைப் பின்ன நூறடிக் கயிறு. அந்தச் சனிக்கிழமை ஹெப்சி வீடு வீடாகப் போனாள். ஏழு வீடுகள் கட்டிலை அவிழ்த்துக் கொடுத்தன. எட்டு நாள் சமவெளியில் பாதிப் பேர் தரையில் படுத்தார்கள். அடுத்த வயல்காரர் ஏசா டட்டில், ஊரிலேயே நேரான வரிசைக்குப் பேர்போனவர், கயிற்றைக் கொடுக்கும்போதே சொன்னார்:

"தங்கச்சி, என் முதுகு பிடிச்சிச்சுன்னா உன் சோளரொட்டியத்தான் கீழ வச்சுப் படுப்பேன். பலகையவிட அது கெட்டி."

"அண்ணே, போன வருசம் மூணு தின்னீங்களே?"

"அதான் சொல்றேன், அனுபவம்."

திங்கள் மதியம் விதைப்பு தொடங்கியது. கவை சொன்னபடி கேட்டது. டக், டக் என்று முடிச்சுக்கு முடிச்சு விதை விழுந்தது. முன்னிருக்கை காலியாக ஆடிக்கொண்டு போக, பின்னிருக்கையிலிருந்து ஹெப்சி பாடிய பாட்டு கால் மைல் தள்ளியிருந்த ஏசாவின் கழுதையை ஓட வைத்தது.

செவ்வாய் காலையில்தான் சிக்கல். சாலைப் பக்கத்து முளைக்குக் கயிறு எட்டவில்லை. இரண்டடி குறைந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. முளையைப் பிடுங்கி உள்ளே தள்ளி அடித்துவிட்டு, நேராக ஏசாவின் வேலிக்குப் போனாள்.

"என் கயித்துல ரெண்டடி எங்கண்ணே?"

"எந்த ரெண்டடி?"

"ராத்திரி முழுக்க கயிறு உங்க வேலியோரம்தான் கிடந்துச்சு. உங்க பன்னி காலுல புதுசா ஒரு கயிறு கட்டியிருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. பன்னியத்தான் பாக்குறேன்."

"அது போன வருசத்துக் கயிறு, ஹெப்சி!"

"பன்னி அப்படிச் சொல்லுதா?"

பத்து மணிக்குக் கயிறு தொய்ந்தது. முளையைப் பழைய இடத்துக்கே தள்ள வேண்டியதாயிற்று. ஏசா வெட்கப்பட்டுத் துண்டைத் திருப்பி முடிந்துவிட்டார் என்று நினைத்த ஹெப்சி, பெருந்தன்மையாக அதைப் பற்றிப் பேசவில்லை. புதன் காலையில் மறுபடி இரண்டடி குறைந்தது. மறுபடி பத்து மணிக்குத் திரும்பி வந்தது. வியாழன், வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை மட்டும் காலையிலேயே சரியாக இருந்தது. ஏசா மனம் திருந்திவிட்டார் என்று லெமிடம் சொன்னாள்.

சோளம் முளைத்தது. நெடுக்கே வரிசைகள் அம்பு போல இருந்தன. குறுக்கே, வயலின் உள்பக்க ஓரத்தில் நேராக இருந்தன. சாலையை நெருங்க நெருங்க நெளிந்தன. சாலையோரத்தில், ஊரே பார்க்கும் இடத்தில், நாலு இடங்களில் சட்டென்று இரண்டடி உள்ளே ஒடிந்து, மெல்ல மெல்ல வெளியே வளைந்து வந்தன. பாம்பு என்று பெயர் வைத்தார்கள்.

ஜூன் முதல் ஞாயிறு முப்பத்தொரு வண்டிகள் அங்கே நின்றன. ஏசா கேட்டால் நாற்பது என்பார். முதல் வண்டியில் கில்பின். கைத்தடியோடு இறங்கிய அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஓடெல் அம்மா, இது என்ன?"

ஹெப்சி முதல் ஒடிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கள் மாலை எங்கே நிறுத்தினாள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அங்கே ஒரு காட்டு ரோஜாப் புதர். ஒடிவு சரியாக அதன் அடுத்த வரிசையில். செவ்வாய் முடிந்த இடம் ஒரு பழைய வேலிக்கால். அதற்கு அடுத்த வரிசையில் இரண்டாவது ஒடிவு. ஒவ்வொரு காலையும் ஓர் ஒடிவு, பனி காய்ந்த பத்து மணிக்கு மறுபடி நேர். வெள்ளி இரவு முழுக்கக் காற்றடித்தது, பனியே இல்லை. சனிக்கிழமைக்கு ஒடிவும் இல்லை.

"துணிக்கொடி!" என்று கத்தினாள். இரண்டு குதிரைகள் மிரண்டன. "இருபது வருசமா திங்கக்கிழமை திங்கக்கிழமை ஈரத்துணியப் போட்டதும் கொடி விறைக்குறதப் பாக்குறேன். நனைஞ்சா கயிறு சுருங்கும்! பனியில சுருங்கியிருக்கு! ஏசா அண்ணே, நீங்க திருடல!"

"எனக்கு அது முன்னாடியே தெரியும்" என்றார் ஏசா தம் வண்டியிலிருந்து. "பன்னிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு."

சிரிப்பு அடங்கும்வரை கில்பின் காத்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. எழுதிய வரியை மறக்காத மனிதர், அவ்வளவுதான்.

"காரணம் புரிஞ்சுது. குறுக்கே களைவண்டி எப்படிப் போகும்? ஒவ்வொரு வளைவுலயும் பயிரைப் பிடுங்கிட்டுப் போகும். சனிக்கிழமை வர்றேன். சாலையோர வரிசை, இருக்கறதுலயே மோசமானது. என் கண் முன்னால ஓட்டுங்க. இருபது குத்துக்கு மேல பிடுங்கினா, மார்ச்சுல வேற ஆளு."

அரை மைல் நீளமான அந்த வரிசையில், நாலு நாலு விதையாக முளைத்த அறுநூற்றறுபது குத்துகள்.

திங்களன்று களைவண்டி கொட்டிலின் நடுவே துண்டு துண்டாகக் கிடந்தது. லெம் ஊன்றுகோலோடு ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். வண்டிக்குக் கீழே, பயிரின் இரு பக்கமும் போகும் இரண்டு கட்டைகள், அவற்றில்தான் கொழுமுனைகள். கட்டைகள் சட்டத்தோடு திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தன. வண்டி போகும் திசையில்தான் அவை போகும்.

"இதுக்கு இடுப்பே இல்ல" என்றாள் ஹெப்சி. கோழிக்கூட்டுக் கதவின் கீல்களைக் கழற்றி வந்து கட்டைகளின் முன்முனையில் பொருத்தினாள். கட்டைகள் இப்போது இடமும் வலமும் ஊசலாடின. இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்தாள். இனி இருக்கையிலிருந்தே காலால் தள்ள வேண்டும். கால் நழுவாமலிருக்க ஏதாவது வேண்டும்.

லெம் மூலையில் கிடந்த தன் இடது பூட்ஸை எடுத்து நீட்டினான். "ரெண்டு மாசமா இதுக்கு வேலையில்ல."

"வலதுக்கு?"

"அத நான் போட்டிருக்கேன்."

வலது பூட்ஸ் ஏசாவிடமிருந்து வந்தது. "ஓட்டை இருக்கு, தங்கச்சி. ஆனா கால் உன்னோடது, குரல் மாதிரி வெளிய வந்துராம பாத்துக்க."

வெள்ளிக்கிழமைவரை வெறும் களைப்புல்லில் ஓட்டிப் பழகினாள். முதல் நாள் ஒரு பரங்கிக் கொடியைக் கொன்றாள். மூன்றாம் நாள் ஒரு முட்டையைச் சுற்றி வந்தாள்.

சனிக்கிழமை கூட்டம் ஞாயிறைவிடப் பெரிது. மோர்ப் பானைகளும் உப்புக்கறியும் வந்திருந்தன. கில்பின் கைத்தடியோடு வண்டிக்குப் பின்னால் நடந்தார், கண் தரையிலேயே. ஹெப்சி இரண்டு ஆண்களின் பூட்ஸுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, ஜூனோ, மேஜர் என்ற இரண்டு குதிரைகளையும் மெல்லத் தட்டினாள்.

முதல் நூறு குத்து நேர்கோடு. ரோஜாப் புதர் நெருங்கியது.

"செவ்வாக்கிழமை வருது!" என்று கூவினாள். "ஓ... மெதுவா, மேஜர்!" குதிரைகள் தளர்ந்தன. வலது பூட்ஸ் உதைத்தது. கட்டைகள் பக்கவாட்டில் தாவின. இரண்டு குத்து போயிற்று.

"ரெண்டு" என்றார் கில்பின்.

வளைவு மெல்ல வெளியே வந்தது. அவளுடைய கால்களும் அதோடு மெல்ல வந்தன. கட்டைகள் வாத்தின் பின்புறம் போல ஆடிக்கொண்டு போக, கூட்டம் வேலியோரமாகக் கூடவே நடந்தது.

"புதன்கிழமை!"

"மூணு" என்றார் கில்பின்.

"வியாழக்கிழமை! அன்னிக்குப் பனி ஜாஸ்தி!"

"அஞ்சு."

வெள்ளிக்கிழமைக்கு அவளுக்கு முன்பே கூட்டம் கத்தியது. கட்டைகள் தாவின, ஒன்றும் போகவில்லை. அந்த மகிழ்ச்சியில் ஏசா தொப்பியை வீசினார். அது ஜூனோவின் மூக்கின் மேல் விழுந்தது; ஜூனோ மிரண்டு துள்ளியதில் கட்டைகள் விலகின.

"ஏழு" என்றார் கில்பின்.

"அந்த ரெண்டு என் கணக்கு!" என்று ஏசா அலறினார்.

"சனிக்கிழமை காத்து!" என்று பாடிக்கொண்டே ஹெப்சி கடைசி நூறு குத்தையும் நேராக ஓட்டி முடித்தாள். வேலிமுனையில் லெம் ஊன்றுகோலை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தான்.

கில்பின் வரிசையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கடைசியாகப் பிடுங்கிய குத்துவரை நடந்து போய், குனிந்து அதை எடுத்து மண்ணில் ஊன்றி, பூட்ஸால் அழுத்தினார்.

"ஆறு" என்றார். பிறகு, "அடுத்த வருசமும் கயிறா?"

"இல்லங்க ஐயா. வேலிக்கம்பி. அது பனிக்குச் சுருங்காது."

"அப்போ அடுத்த வருசம் பாக்கலாம்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டார்.

ஜூலை நான்காம் தேதிக்கு இரண்டு நாள் முன்பே நாற்பது ஏக்கரும் நெடுக்கும் குறுக்கும் முடிந்தது. அன்று மாலை லெம் விதைப்பு வண்டியின் முன்னிருக்கையைக் கழற்றி வாசலில் போட்டான். பால் கறக்க ஹெப்சி இன்னும் அதில்தான் உட்காருகிறாள். மறு வசந்தத்தில் கம்பி வந்தது. வரிசைகள் ஏசாவுடையதைவிட நேராக இருந்தன. அன்றிலிருந்து அந்த வயலைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

கட்டில் கயிறுகளை மட்டும் திருப்பிக் கொடுத்தபடியேதான் வைத்திருக்கிறார்கள். நூற்று அறுபத்து நாலு முடிச்சுகள், குதிரை இழுத்து இறுகியவை, எந்த ஆணியாலும் அவிழவில்லை. சமவெளியில் ஏழு வீட்டுக்காரர்கள் இன்றும் அவற்றின் மேலேதான் புரண்டு படுக்கிறார்கள். யார் வீட்டில் எத்தனை முடிச்சு என்று கேட்டால், எழுந்து எண்ணிப் பார்க்காமலே சொல்வார்கள்.