பக்கத்து சீட்டில் அன்புக்கரசி

ஓடிப்போனாள் என்று சொல்கிற வாயை முதலில் கழுவிவிட்டு வாருங்கள். ஓடுகிறவள் விடிவதற்கு முன்னால் ஓடுவாள், ஆள் இல்லாத பக்கமாக ஓடுவாள். என் பேரன் பொண்டாட்டி அன்புக்கரசி, பால் வண்டி வந்து, பள்ளிக்கூட வேன் வந்து, தெருவே வாசலில் நிற்கிற நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு நடந்து போனாள். எதிர்வீட்டுப் பாவாத்தாளும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள்: "எந்தக் கார்க்காரன் கூடப் போனாளோ! தினம் ஒருத்தன் வண்டியில ஏறுனவதானே."

ஏறினாள்தான். இல்லை என்று யார் சொன்னார்கள்? அதுதான் அவள் வேலை. டாக்டர் தினம் பத்துப் பேர் கையைப் பிடித்துப் பார்க்கிறார். அதற்கு இந்தத் தெருவில் யாராவது வாய் திறந்ததுண்டா?

துடியலூரில் மெயின் ரோட்டை விட்டு மேடேறி வந்தால் எங்கள் வீடு. வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஒர்க்‌ஷாப். என் மகள் வயிற்றுப் பேரன் பிரவின்குமார் வண்டியைக் கழற்றுவான், மாட்டுவான். கை நல்ல கை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அன்புக்கரசி. இரண்டு பேரும் முன்னே ஒரே கார் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அங்கே பழகித்தான் கட்டிக்கொண்டார்கள். அப்போது அவள் கையில் கிரீஸ் இருந்தது அவனுக்கு இனித்தது.

பழைய டீசல் கார் வாங்கி ஏமாந்தவர்கள்தான் அவளைத் தேடி வருவார்கள். வாங்குகிறபோது சமதரையில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள், பறந்திருக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற அன்றைக்கு மூச்சு வாங்கும், பின்னால் கறுப்புப் புகை தள்ளும். போகிற இடமெல்லாம் "டர்போ போச்சு, மாத்து" என்பார்கள். அன்புக்கரசி மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள். "டர்போ பாவமுங்க. எது கெட்டாலும் அதும்பட மேலயே பழியப் போட்டுடறாங்க" என்பாள்.

எனக்கு எழுத்து தெரியாது. டர்போ என்றால் என்ன என்று கேளுங்கள், சொல்கிறேன். ஊதுகுழலால் ஊதினால் அடுப்புத் தீ எப்படி எழும்புகிறதோ அப்படி இஞ்சினுக்குள்ளே காற்றை அமுக்கி ஊதுகிற சாமான் அது. ஊதின காற்று ரப்பர் குழாய் வழியாக இஞ்சினுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் நகம் பட்ட மாதிரி ஒரு கிழிசல் இருந்தால் போதும், காற்று அங்கேயே போய்விடும். தோட்டத்தில் மோட்டார் ஓஸ் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் சும்மா ஓடும்போது கிழிசல் வாய் மூடிக் கிடக்கும். அந்தப் பக்கம் கையை வைத்து அடைத்தால்தான் பீய்ச்சி அடிக்கும். காரும் அப்படித்தான். நின்ற இடத்தில் எத்தனை முறுக்கினாலும் காட்டாது. ஆள் ஏறி, மேடேறி, காலை அமுக்க வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும்.

அதனால்தான் அவள் ரோட்டுக்குப் போனாள். அதுவும் வண்டிக்காரரையே ஓட்டச் சொல்வாள். "உங்க கால் எப்படி அமுத்துதோ அதுக்குத் தகுந்த மாதிரித்தான் அது மக்கர் பண்ணும். எங்க ஊட்டுக்காரரு ஓட்டுனா பயந்துக்கிட்டு நல்லாப் போயிருமுங்க." ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஒர்க்‌ஷாப் வாசலிலேயே விட்டுவிடுவாள். கார் என்ன கோயிலா என்று நான் கேட்டிருக்கிறேன். "காலுக்குத்தானுங்க அம்மாயி மொதல்ல தெரியும்" என்றாள். அதற்கும் பாவாத்தாளிடம் வேறு அர்த்தம் இருந்தது. "செருப்பக் கழட்டிப்போட்டு, சொந்த ஊட்டுக்குள்ள போற மாதிரியல்ல ஏறுறா!"

ஒரு தடவை பின்சீட்டில் நானும் போனேன். காரமடை தாண்டி, மேட்டுப்பாளையம் தாண்டி, மலை ரோட்டில் முதல் வளைவுகள் வரை. வண்டிக்காரர் வழி நெடுகத் தன் மருமகனைத் திட்டிக்கொண்டே வந்தார். வண்டியை வாங்கச் சொன்னது அந்த மருமகனாம். அவள் ம்ம் கொட்டிக்கொண்டு மடியில் இருந்த டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு கோடு ஓடும். வண்டி கேட்ட காற்று ஒரு கோடு, வந்த காற்று ஒரு கோடு. மேடு வந்ததும், "மூணாவது கியர்லயே வையுங்க. காலை எடுக்காதீங்க. பஸ்சுக்காரன் ஆரன் அடிச்சா அடிக்கட்டும்" என்றாள். ஒரு கோடு மேலே போனது, மற்றது பாதியில் படுத்துக்கொண்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா அம்மாயி, களவு போகுது." எனக்கு அதற்குள் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. அன்றைக்கு ரோட்டோரத்தில் என் தலையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

திரும்பி வந்து, ஒரு குப்பி சோப்புத் தண்ணியோடு வண்டிக்கு அடியில் படுத்தாள். எண்ணெய் கசிந்த இடமாகப் பார்த்து, ஓஸைத் தடவி, விரலால் இழுத்துக் காட்டினாள். "இந்தா இருக்காரு கள்ளன்." ஒரு ரப்பர் ஓஸ். அவ்வளவுதான். அந்த மனிதர் பாதி வழியில் மருமகனுக்குப் போன் போட்டுச் சிரித்துப் பேசியிருப்பார். நாங்கள் இரண்டு பேரும் ஊர் சுற்றிவிட்டு வந்தோம் என்று பாவாத்தாள் தெருவெல்லாம் சொன்னாள். அதற்கப்புறம் டாக்டர் என்னை மலை ஏறக் கூடாது என்றுவிட்டார். நான் கூடப் போக முடிந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா, தெரியாது.

காரமடைத் தேர் நோம்பிக்கு உறவுக்காரர் வீட்டில் சாப்பிடப் போனோம். பந்தியில் எல்லோரும் இருக்கிறார்கள். பிரவினுக்குப் பெரியப்பன் முறையாகிற மாசாணம் இலையை விட்டுத் தலையைத் தூக்கி, "ஏன்டா பிரவினு, உம்பட பொண்டாட்டிய மலை ரோட்டுல பாத்தேன். பக்கத்துல எவனோ இருந்தான். நீ பொறகால சீட்டுல படுத்திருந்தியாக்கும்?" என்றான். பந்தி முழுக்கச் சிரிப்பு.

அன்புக்கரசி கையில் சாம்பார் வாளி. அசையவில்லை. "கையக் காட்டியிருக்கலாமுங்களே மாமா. டாஸ்மாக் வாசல்ல ஒரே கூட்டம், நாந்தான் உங்கள அடையாளம் தெரியாமப் போயிட்டேன்" என்றாள். இப்போது இன்னும் பெரிய சிரிப்பு. மாசாணத்துக்குப் புரையேறியது. சிரிக்காதவன் என் பேரன் ஒருத்தன்தான். அவள் பதில் சொல்லாமல் அழுதிருந்தால் அவன் அவள் பக்கம் நின்றிருப்பான். பதில் சொல்லிவிட்டாளே.

மறுநாள் காலை சட்டம் வந்தது. "இனி ரோட்டுக்கெல்லாம் நீ போக வேண்டாம். நிக்க வெச்சே பாரு."

"நிக்க வெச்சுப் பாத்தாத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? கம்பெனில எத்தன வண்டிக்கு நீங்க ஓட்டி நான் பாத்திருக்கேன்."

"அது கம்பெனி. இது ஊரு."

"அப்ப நீங்களும் கூட வாங்க."

"நானும் வந்துட்டா ஒர்க்‌ஷாப்ப யாரு பாக்கறது? பாவாத்தாளா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் செருப்பு காலிலேயே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உடுமலைப்பேட்டையிலிருந்து நஞ்சுண்டன் வந்தார். தேங்காய் வியாபாரம். பழைய டீசல் கார், வாங்கிச் சில மாதம்தான். மேடு என்றால் படுத்துக்கொள்கிறது என்றார். அன்புக்கரசி நிற்க வைத்துப் பார்த்தாள். இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு ஓடின, கோளாறே இல்லாத மாதிரி. சோப்புத் தண்ணி அடித்தாள், ஒரு குமிழி வரவில்லை. "இப்பச் சொல்றதுக்கில்லீங்க. ரோட்டுக்குப் போனாத்தான் தெரியும்" என்று பிரவினிடம் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். "ரோட்டுக்குப் போகாம டர்போவுல கை வெக்காதீங்க" என்றும் சொன்னாள்.

அவன் கை வைத்தான். நஞ்சுண்டன் நிற்கிறார், அவசரப்படுத்துகிறார். பொண்டாட்டியைக் கூட அனுப்ப மனசில்லை. தானே டேப்லெட்டை வைத்துக்கொண்டு பார்க்க அவனுக்குப் பழக்கமில்லை, அதை வாய் விட்டுச் சொல்ல வெட்கம். டர்போ போயிருச்சு என்று சொல்வது சுலபமாக இருந்தது. புதுசு மாட்டி, கழுவி, துடைத்துக் கொடுத்தான். நஞ்சுண்டன் சந்தோஷமாகப் போனார்.

அடுத்த வாரம் அதே வண்டியில் திரும்பி வந்தார். கோத்தகிரியில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கக் குடும்பத்தோடு ஏறியிருக்கிறார். வளைவில் பாதி திரும்பும்போது வண்டி இழுவை விட்டுப் படுத்துவிட்டது. பின்னால் பஸ். வயசான தாயார் சாமி பேரைச் சொல்லி அழுதிருக்கிறது.

"ஏன் தம்பி, புது டர்போ போட்டேன்னியே. எங்களையெல்லாம் பள்ளத்துல தள்ளப் பாத்தியா? யாரு பாத்தது இந்த வண்டிய?"

பிரவின் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். தலையைத் தூக்கவில்லை. "அவதானுங்க பாத்தா. டர்போ போயிருச்சுன்னு அவதாஞ் சொன்னா."

அவள் அங்கேதான் நின்றாள், சோப்புத் தண்ணிக் குப்பியோடு. "ஏனுங்க, நானா சொன்னேன்?"

"நீ உள்ள போ."

"பொம்பளையாளுகிட்ட வண்டியக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லோணும்" என்றார் நஞ்சுண்டன். பெரிய மனிதர்தான், தாயார் அழுத கோபம் அவருக்கு. நான் எழுந்து போய், "அவ ரோட்டுக்குப் போகோணும்னு சொன்னாளுங்க, இவன்தான் விடல" என்றேன். என் பேரன் என்னைப் பார்த்து, "அம்மாயி, உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? போய்ப் படு" என்றான். நான் வளர்த்த பிள்ளை. வண்டியை விட்டுவிட்டு நஞ்சுண்டன் பஸ் ஏறிப் போனார்.

பொழுதோடு தெருவுக்குச் செய்தி போய்விட்டது. இத்தனை நாள் ஊர் சுற்றுகிறாள் என்றவர்கள், இப்போது வேலையும் தெரியாமல்தான் ஊர் சுற்றினாள் என்றார்கள். இரண்டையும் ஒரே வாய் எப்படிச் சொல்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அன்று அவள் எப்போதும் போலச் சோறாக்கினாள், போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து ஒன்று கேட்டாள். அடித்தவனைக் கேட்கிற மாதிரி இல்லை, கடையில் உப்பு கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அவருக்கு ஒரு போனப் போட்டு, அவ சொல்லலீங்க, நாந்தான் மாத்திப்போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. எனக்கு வேற எதும் வேண்டாம்."

"கஸ்டமருகிட்ட நான் பொய்க்காரன் ஆகோணுமா?"

"ஆனதுதானுங்களே."

"உம்பட பேரு கெட்டா ஒர்க்‌ஷாப் ஓடும் அரசி. எம்பட பேரு கெட்டா ஓடாது. புரிஞ்சுக்க."

அவள் புரிந்துகொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இதைத்தான் பாவாத்தாள் தெருவில் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டாள். இதில் கார்க்காரன் எவனும் இல்லையே. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டுப் பாருங்கள், சொல்ல மாட்டேன்.

காலையில் பிரவின் நஞ்சுண்டன் வண்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போயிருந்தான். அவள் குளித்து, தலை பின்னி, ஒரே ஒரு பையோடு என் கட்டிலுக்கு வந்தாள். "வாரேனுங்க அம்மாயி. மாத்திரைய மறந்துபோடாதீங்க." நான் அவள் கையைப் பிடித்தேன். நகக்கண்ணில் கறுப்பு இருந்தது, அது எத்தனை தேய்த்தாலும் போகாது. இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதற்காக இருக்கச் சொல்வது?

கேட் வரைக்கும் கூடவே போனேன். தெரு நின்று பார்த்தது. அப்போது கீழே மெயின் ரோட்டிலிருந்து அந்த வண்டி மேடேறி வந்தது. அவன் காலை அழுத்தி அமுக்கியிருக்க வேண்டும். கறுப்புப் புகை, அதோடு சேர்ந்து உஸ்ஸென்று ஒரு சீறல்.

அன்புக்கரசி நின்றாள். கண்ணை மூடினாள். தலை கொஞ்சம் சாய்ந்தது. வண்டி பக்கத்தில் வரவும் கண் திறந்து, வலது கை தானாக எழும்பி, முன் பம்பருக்கு அடியில் ஒரு இடத்தை நோக்கி விரல் நீண்டது. அவன் அதைப் பார்த்துவிட்டான். பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினான்.

"எங்க? எங்க அரசி?"

அவள் விரலை மடக்கினாள். இடது கையில் இருந்த பையை அந்தக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, வண்டிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் ஒதுங்கி, மேட்டில் இறங்கிப் போனாள்.