அட்லஸ் மலையில் ஒரு ‘வேண்டாம்’

அட்லஸ் மலையில் எங்களுக்கு மூன்றாம் நாள். காலையிலிருந்து ஆறு மணித்தியாலம் நடந்து, ஒரு பெர்பர் கிராமத்து மண்வீட்டில் வந்து விழுகிறோம். எங்கள் சாப்பாட்டைச் சுமக்கும் கோவேறு கழுதை இன்னும் பின்னால்தான் வருகிறது. வீட்டுக்காரப் பெண் சுடச்சுட ரொட்டியும் தேனும் கொண்டுவந்து வைக்கிறார்.

என் கணவர் உடனே கையை ஆட்டி, "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்று இங்கிலிசில் சொல்கிறார். முதல் தரம் மறுப்பது யாழ்ப்பாணத்து மரியாதை. இந்த மரியாதையால் லண்டனில் எத்தனை வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து பட்டினியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம்!

"இஞ்சாருங்கோ, வாயை மூடுங்கோ" என்று அவர் காலை மிதிக்கிறேன்.

வழிகாட்டி இத்ரிஸ் அந்தப் பொய்யை அப்படியே மொழிபெயர்க்கிறார். அந்தப் பெண் காதில் விழாதவர்போல ரொட்டியைப் பிய்த்து இவர் கையில் திணித்துவிட்டு, ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்.

"என்னவாம்?"

"நீங்கள் லண்டன் எண்டதை அவ நம்பேல்லையாம். லண்டன்காரர் கேட்ட உடனேயே ஓம் எண்டு சொல்லுவினமாம்."

அடுத்த துண்டு வருகிறது. இவருடைய தலை வேண்டாம் என்று ஆடுகிறது. கை நீட்டினபடியே இருக்கிறது.