நோம்பு முடிகிற நாள்

எங்கள் தெருவில் எல்லோரும் ஈஸ்டரை எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு மட்டும் அந்த நாள் வராமலே இருந்தால் நல்லது என்றிருக்கும்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த கையோடு என் கணவர் இறைச்சியை விட்டுவிடுவார். கூடவே குடியும் நின்றுவிடும். தொட்டுக்கொள்ள இறைச்சி இல்லாமல் அவருக்குச் சாராயம் தொண்டையில் இறங்காது. தவக்காலம் முழுக்க மரச்சீனிக் கிழங்கும் பயறும் தின்றுகொண்டு, சாயங்காலம் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அவ்வளவு நல்ல மனிதராக இருப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வரும். ஆண்டவருக்காக முடிகிறது, எங்களுக்காக முடியாதா?

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில் வாய்விட்டே கேட்டேன்.

"நாளைக்கு மீனு போராதா? எறைச்சி வேண்டாமே."

சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளு அடக்கிக் கெடந்தேன். ஈஸ்டருக்கு எறைச்சி தின்னது ஒரு குத்தமா? போயிட்டு வாறேன்."

இறைச்சி தின்பது குற்றமில்லைதான். இறைச்சி வாங்க உதியன்குளங்கரைக்குப் பைக்கில் கிளம்பிப் போனார்.

"அம்மா, அப்பா எறைச்சி மட்டும் வாங்கீட்டு வருவாங்களா?" என்றாள் மகள்.

நான் குனிந்து மல்லி வறுத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் பைக் சத்தம் கேட்டது. வாசலில் நின்று சிரித்தபடியே இறைச்சிப் பொதியை இடது கையால் என்னிடம் நீட்டினார். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.