ஜேபஸ் துடைத்த ஈரம்

ஜேபஸ் செட்செல் எடுத்த படங்களில் யாருக்கும் முகத்தில் மரு இருக்காது, கோட்டில் ஒட்டு இருக்காது, பின்னால் நிற்கும் ஆற்றங்கரையில் ஈரமும் இருக்காது. மூன்றையும் ஒரே தூரிகையால்தான் மறைத்தார். முதல் இரண்டுக்கும் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. மூன்றாவது இருக்கிறதே, அதுதான் வினை.

சோறு போட்டது சைக்கிள் பழுதுபார்க்கும் வேலை. படம் எடுப்பது ஆசைக்கு. கேம்பிரிட்ஜ்ஷயரின் கருமண் சதுப்பில், ஆறு கூரை உயரத்தில் ஓடும் ஊர் அவருடையது. தண்ணீரை வடிக்க வடிக்க நிலம் இறங்கிக்கொண்டே போனது. ஆறு மட்டும் இரண்டு மண்கரைகளுக்கு நடுவே மேலேயே நின்றுவிட்டது. அந்தக் கரையடியில் வரிசையாகப் பதினொரு வீடுகள். ஆண்டுதோறும் ஜூன் மாதம், ஜெபக்கூடத்து ஆண்டுவிழா அன்று, ஒவ்வொரு குடும்பமும் கொல்லையில் மண்டிய காஞ்சொறிச் செடிகளை வெட்டிவிட்டு, சமையலறை நாற்காலிகளைக் கரையடியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும். சில வீட்டுப் படங்களில் பன்றியும் உண்டு.

1907இல் ஹல்டா ஃபியரிதான் முதலில் சத்தம் போட்டாள்.

"ஏன்யா, என் தொப்பிக்குப் பின்னால என்னய்யா இது? மாடு மூத்திரம் பேஞ்ச மாதிரி!"

ஜேபஸ் உற்றுப் பார்த்தார். கரையின் அடியில் தட்டளவு கறுப்பாக ஒரு திட்டு. மூன்று வாரமாக ஒரு பொட்டு மழை இல்லாத ஜூன் மாதம் அது. ஹல்டாவின் வாய்க்குப் பயந்து, படத்தின் கண்ணாடித் தகட்டில் அந்த இடத்தில் ஒளி புகாத சிவப்புச் சாயம் பூசி மறுபடி அச்சுப் போட்டார். கரை காய்ந்துவிட்டது. ஹல்டா படத்தை அடுப்பங்கரைச் சுவரில் மாட்டினாள்.

மறு வருஷம் திட்டு தாம்பாளமளவு ஆனது. அதற்கு அடுத்த வருஷம் வேறு வீடுகளின் பின்னாலும் தெரிந்தது. யாரும் கேட்காமலே ஜேபஸ் பூசினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அல்லவா இது! மனசு உறுத்தாமல் இல்லை. 'வாராவாரம் கரைக்காவலர்கள் நடந்து பார்க்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாததா நமக்கு?' என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். காவலர்கள் கரைமேல் நடந்தார்கள். கீழே காஞ்சொறிக்குள் யார் குனிந்து பார்த்தது? பழைய தகடுகளைச் சலவைச் சோடாவில் கழுவி, குளிருக்கு வெள்ளரிப் பாத்திமேல் மூடும் கண்ணாடிக்கென்று தோட்டக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்.

1912 பிப்ரவரியில் பனி உருகி, மேலே மழையும் சேர்ந்துகொண்டது. ஆறு கரையின் விளிம்பைத் தொட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு, ஜேபஸ் கையில் மிஞ்சியிருந்த ஒரே தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, முதல் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார். அது அவர் தங்கை கெசாயாவின் வீடு; தகடும் அவள் வீட்டுப் படத்துடையதுதான். அவள் கணவன் ஓபேட் மேலே கரையில் களிமண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பு. ஜெபக்கூடத்து மேட்டுக்குப் போயிரு."

"நீ எப்பண்ணே நோவா ஆன? பேழைய சைக்கிள் பின்னாலயா கட்டிட்டு வந்திருக்க?"

"விளையாடாத கெசாயா. கரை ஒழுகுது."

அவள் சுவரைக் காட்டினாள். "போன ஜூன்ல நீயே எடுத்த படம். பாரு, கரை ரொட்டி மாதிரி காஞ்சு கெடக்கு. அதப் பாத்துட்டுத்தானே நான் நிம்மதியாத் தூங்குறேன்?"

ஜேபஸ் கைக்குட்டையைக் கெண்டித் தண்ணீரில் நனைத்துத் தகட்டைத் துடைத்தார். சிவப்பு கரைந்து விரலில் வழிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தகட்டில் கறுப்பு வெளுப்பாகத்தான் தெரியும். கெசாயாவின் நாற்காலிக்குப் பின்னால், அவள் தோள் உயரத்துக்கு, வெளேரென்று ஒரு பெரிய திட்டு.

"என்னண்ணே இது?"

"தண்ணி. நீ பிள்ளைய மடியில வச்சு உக்காந்திருந்தியே, உன் முதுகுக்குப் பின்னால."

அவள் பின்கட்டுக்குப் போய்த் தரையில் கிடந்த சாக்கைத் தூக்கினாள். செங்கல் இடுக்கில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமைல இருந்து தொடச்சுக்கிட்டே இருக்கேன். தொட்டி ஓட்டையாயிடுச்சுன்னு நெனச்சேன். பாவி அண்ணே, மூக்கு மருவ அழிச்சப்ப சிரிச்சேனே, இதையுமா அழிச்ச?"

தெளிந்து ஊறினால் நாளிருக்கிறது, கலங்கி ஊறினால் கரையே கரைகிறது என்பது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஜேபஸ் குனிந்து கையில் அள்ளினார். தேநீர் நிறத்தில் இருந்தது. விரலிடுக்கில் மண் நெருடியது.

கெசாயா பிள்ளையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு, "ஓபேட்டு?" என்றாள்.

"நான் கத்திக் கூப்பிடுறேன். நீ ஓடு."

அவள் ஓடினாள். கரைமேல் பார்த்து ஜேபஸ் தொண்டை கிழியக் கத்த, ஓபேட் மூட்டையைப் போட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிடத் திரும்பினான். ஜேபஸ் அடுத்த கதவைத் தட்டினார். ஃபியரி வீடு. கிழவர் அமோஸ் ஃபியரி வாயில் உருளைக்கிழங்கோடு கதவைத் திறந்தார். பின்னால் அவர் மனைவி ஹல்டா, இரண்டு மகள்கள், மேஜையில் ஆவி பறக்கும் தட்டுகள்.

"கரை போகுது, வெளிய வாங்க!"

"ஹல்டா, அந்தப் படத்த எடு," என்றார் கிழவர். அவள் ஆணியிலிருந்து கழற்றி, ஏப்ரனால் துடைத்து, ஜேபஸின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எங்கய்யா ஈரம்? உன் கையால எடுத்த படம்தானே?"

"அது நான் அழிச்சதும்மா! நீதானே மொதல்ல..."

"எங்க வீட்டுத் தகட்டக் காட்டு, நம்புறேன்," என்றார் கிழவர்.

அந்தத் தகடு சுத்தமாகக் கழுவப்பட்டு, ஊர்க்கோடியில் யாருடைய வெள்ளரிக்கோ கூரையாகக் கிடந்தது.

"அப்ப நீ பொய்க்காரன்னு நீயே ஒத்துக்கிற. பொய்க்காரன் பேச்சக் கேட்டு இந்த மழைல பொண்ணுங்களக் கூட்டிட்டு நான் தெருவுல நிக்கணுமா? போய்யா, சாப்பாடு ஆறுது."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஜேபஸ் இரண்டு கையாலும் கதவை அடித்தார், அழுதார், ஹல்டாவின் பெயர் சொல்லிக் கெஞ்சினார். உள்ளே கரண்டிச் சத்தம் மட்டும். காலடியில், கொல்லைப் பக்கத்திலிருந்து கலங்கிய தண்ணீர் வாசல்படியைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் பூட்ஸை நனைத்தது.

இன்னும் ஒன்பது வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் சுவரிலும் அவர் எடுத்த படம் தொங்கியது.