கப்பலில் பெரியம்மா விரித்த படுக்கை

வடக்குக் கடலுக்குக் கப்பலில் போய்வந்தவர்கள் எல்லோரும் பனிமலையின் படத்தைக் காட்டுவார்கள். பெரியம்மாவிடம் அப்படி ஒரு படம்கூட இல்லை. அந்தப் பயணத்தை நினைத்தாலே அவருக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில். கப்பல் கம்பெனிமேல், சூப்பர்வைசர்மேல், பெரியப்பாமேல். பாதி நாள் தன்மேலேயே. நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

பெரியம்மா ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் வார்டு ஆயாவாக வேலை பார்த்தவர். பெண்கள் பொது வார்டு, இருபத்து நான்கு கட்டில். ஆறு மணிக்கு டியூட்டி ஏறினால், எட்டு மணிக்கு டாக்டர் வருவதற்குள் எல்லாக் கட்டிலுக்கும் விரிப்பு மாற்றியாக வேண்டும். பாதிக் கட்டில்களில் எழுந்திருக்க முடியாதவர்கள். அவர்களை ஒரு பக்கம் உருட்டி, பழைய விரிப்பைச் சுருட்டி, புதியதைப் போட்டு, மறுபக்கம் உருட்டி இழுக்க வேண்டும். ஒரு சுருக்கம் நின்றால்கூடப் போதும், படுத்தே கிடப்பவருக்கு நாலு நாளில் முதுகில் புண் வந்துவிடும். அதனால் பெரியம்மா மூலையை முக்கோணமாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகி, முழங்காலால் முட்டுக்கொடுத்து ஓர் இழுப்பு இழுப்பார். மேளத்துக்குத் தோல் கட்டியதுபோல நிற்கும்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘இஸ்திரிப்பெட்டி’. சூடும் உண்டு, சுருக்கத்தைக் கண்டால் விடவும் மாட்டார். ஒருமுறை பெரிய டாக்டரே கட்டில் நுனியில் உட்கார்ந்துவிட்டு, “எழுந்திருங்க சார், ஸ்டூல் எதுக்குப் போட்டிருக்கு?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

பெரியப்பா இதற்கு நேர் எதிர். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். யாரையும் திட்டாமல் ஓய்வுபெற்ற ஒரே டைம்கீப்பர் அவர்தான் என்று டிப்போவில் இன்றும் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒரே வருஷம் ஓய்வுபெற்றார்கள். மகளும் மருமகனும் சேர்ந்து எட்டு நாள் கப்பல் பயணத்துக்கு அனுப்பிவைத்தார்கள். பெரியப்பாவின் கண்ணெல்லாம் ஐந்தாம் நாள்மேல்தான். அன்று காலை ஒன்பது பத்துக்குக் கப்பல் பனிமலைக்கு முன்னால் போய் நிற்கும், பதினொன்றுக்குத் திரும்பிவிடும் என்று அட்டவணையில் போட்டிருந்தது. அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு இழுத்து வைத்திருந்தார்.

கேபின் சின்னது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு வட்ட ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறக் கடல். முதல் நாள் சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் படுக்கை விரித்திருந்தது. அதன்மேல் துண்டை முறுக்கி மடித்து ஒரு யானை செய்து வைத்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு ஒரே சிரிப்பு. பெரியம்மா முகம் கடுத்தது.

“நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் படுக்கையை இன்னொருத்தி வந்து விரிக்கணுமா?”

“அவங்க வேலைம்மா அது. நீ ராணி மாதிரி உட்காரு.”

“ராணியாம் ராணி. எனக்கு உட்கார வராது.”

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து, பெரியப்பாவை நாற்காலிக்குத் துரத்திவிட்டு, தன் முறைப்படி படுக்கையை விரித்துவிட்டார். காலடியில் அழகுக்குப் போட்டிருந்த நீலப் பட்டையைச் சுருட்டி அலமாரியில் வைத்தார். குளியலறையையும் துடைத்தார்.

ஒன்பது மணிக்குக் கேபினைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். பதினெட்டுக் கேபின் அவர் பொறுப்பு. படுக்கையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஐயோ, என்னக்கா இது?”

“உனக்கு ஒரு ரூம் மிச்சம். கொஞ்சம் உட்காரு.”

அவர் உட்காரவில்லை. ஆனால் நாலு வார்த்தை பேசினார். பிள்ளைகளைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. சின்னவனுக்குப் பல் விழுந்து முளைத்ததைப் போனில்தான் பார்த்தாராம். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்தால் வீடு. அடுத்த ஒப்பந்தம் கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். போகும்போது, “நாளைக்கு நீங்க கை வைக்காதீங்கக்கா, நானே பண்ணிடறேன்” என்றார்.

பெரியம்மா அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் யாராவது வந்து ஒரு கட்டிலுக்குக் கைகொடுத்தால் அவரும் “வேணாம் வேணாம்” என்றுதான் சொல்வார். மனசுக்குள் கும்பிடுவார். அதனால் மூன்றாம் நாள் படுக்கையை விரித்தது மட்டும் இல்லாமல், ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அட்டையையும் கதவில் மாட்டினார். அந்த அம்மா இந்தப் பக்கமே வரவேண்டியதில்லை, முதுகு ஆறட்டும் என்ற எண்ணம். நான்காம் நாளும் அதே அட்டை. இரண்டு நாளும் அந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை. தான் ஒரு பெரிய நல்ல காரியம் செய்கிறோம் என்று பெரியம்மா நம்பினார்.

ஐந்தாம் நாள் காலை எட்டரை மணி. பெரியப்பா இரண்டு சட்டை, அதன்மேல் கம்பளிக் கோட்டு, தலைக்குக் குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு, “இப்பவே போனாத்தான் கம்பியோரம் இடம் கிடைக்கும்” என்று கதவைத் திறந்தார். வெளியே துண்டு வண்டியோடு வேறு ஓர் ஆள் நின்றிருந்தார்.

“அந்தம்மா எங்கப்பா?” என்று பெரியம்மா கேட்டார்.

“கீழ லாண்டரிக்கு மாத்திட்டாங்கம்மா.”

“எதுக்கு?”

அவர் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ஒரு கதவில் இரண்டு நாள் தொடர்ந்து அட்டை தொங்கினால் சூப்பர்வைசர் தன் சாவியால் திறந்து பார்ப்பாராம். இந்தக் கேபினில் படுக்கை முறைப்படி இல்லை, நீலப் பட்டையைக் காணவில்லை, துண்டு மாற்றவில்லை. அந்த அம்மா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, மறைக்க அவரே அட்டையை மாட்டிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு சிவப்புக் குறி. ஏற்கெனவே ஒன்று இருந்தது. மூன்று குறி விழுந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது.

பெரியம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “எந்த ரூம்ல இருக்கான் அந்த சூப்பர்வைசர்?”

“இந்தாம்மா, ஒன்பது பத்துக்கு மலை வந்துடும். பார்த்துட்டு வந்து பேசலாம்” என்றார் பெரியப்பா.

“மலை எங்கேயும் ஓடாது.”

“மலை ஓடாது, கப்பல் ஓடிடும்!”

“நீங்க போங்க. எனக்கும் சேர்த்து நீங்களே பாருங்க.” சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

சூப்பர்வைசரின் அறை மூன்று தளம் கீழே. ஜன்னல் இல்லாத அறை. மேலே ஒலிபெருக்கியில் பனிமலை வந்துவிட்டதாக அறிவிப்பு கேட்கும்போது பெரியம்மா அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசர் நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுவே பெரியம்மாவுக்கு இன்னும் எரிச்சல்.

“மேடம், எங்க ஆளுங்களுக்காக நீங்க வந்து பேசறது ரொம்ப நல்ல மனசு. ஆனா இது எங்க உள்விஷயம்.”

“என் படுக்கை எப்படிய்யா உங்க உள்விஷயம்? அதை விரிச்சது நான். அட்டையை மாட்டினதும் நான்.”

அவர் சிரித்தார். “இரக்கத்துல சொல்றீங்க. விடுமுறைக்கு வந்தவங்க யாராவது படுக்கை விரிப்பாங்களா?” கைக்கணினியைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். “பாருங்க, மூலை எல்லாம் தப்பான மடிப்பு.”

அந்த ஒரு வார்த்தைதான். தப்பான மடிப்பு.

“தப்பா? இந்த மடிப்புமேல எத்தனை பேரு பொழைச்சு எழுந்து போயிருக்காங்க தெரியுமா? எத்தனை பேரு கடைசி மூச்சு விட்டிருக்காங்க தெரியுமா? ஒருத்தி முதுகுல ஒரு புண்ணு வந்ததில்ல. நீ எத்தனை படுக்கை விரிச்சிருக்க? கையைக் காட்டு பார்ப்போம்!”

“மேடம், கொஞ்சம் மெதுவா...”

“மெதுவாவா? வா, ஒரு காலி ரூமைத் திறந்துவிடு. உன் கண்ணு முன்னாடி விரிக்கிறேன். அதையும் படம் எடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. வேற வேறயா இருந்தா நான் இப்பவே இந்தக் கப்பல்லேர்ந்து இறங்கிடறேன்.”

கடல் நடுவில் எங்கே இறங்குவார் என்று அவர் கேட்கவில்லை. நடைபாதையில் ஆள் கூடுவதைப் பார்த்து, பக்கத்துக் காலிக் கேபினைத் திறந்துவிட்டார். பெரியம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்று நிமிஷத்தில் விரித்து முடித்தார். படம் எடுத்தார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று.

“இப்போ எழுது. என் கண்ணு முன்னாடி எழுது. அது ஊழியர் தப்பு இல்ல, நான் செஞ்சதுன்னு எழுது.”

அவர் மேலதிகாரியைக் கேட்டு எழுதி முடிக்கப் பதினொன்று தாண்டிவிட்டது. அதுவரை பெரியம்மா நாற்காலியில்கூட உட்காரவில்லை. பிறகு வெற்றி வீரர் மாதிரி மேல்தளத்துக்கு ஏறினார். கப்பல் ஏற்கெனவே திரும்பியிருந்தது. வெள்ளையாக எதுவோ தூரத்தில் மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா கம்பியோரம் நின்றிருந்தார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடத்தைக் கம்பளிக் கோட்டால் மறித்துப் பிடித்து வைத்திருந்தார். குளிரில் பல் தந்தியடித்தது.

“நாலு பேரு வந்து இடம் கேட்டாங்க. என் சம்சாரம் வருவா, என் சம்சாரம் வருவான்னு சொல்லிக்கிட்டே நின்னேன். முப்பது வருஷம் நீ டியூட்டி, நான் டியூட்டி. ஒரு நாள், ரெண்டு மணி நேரம், பக்கத்துல நிக்க உனக்கு முடியல, இல்ல?”

பெரியப்பா கத்தி யாரும் கேட்டதில்லை. அன்று மேல்தளம் முழுவதும் கேட்டது. பெரியம்மா விடுவாரா? “ஒருத்தி சோத்துல மண்ணு விழுந்திருக்கு, உங்களுக்கு ஐஸ் கட்டி பெருசாப் போச்சா?” என்று திருப்பிக் கத்தினார். அன்றைக்கு முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் காலை அந்த அம்மா திரும்பவும் வந்தார். பெரியம்மா எழுந்து கையைப் பிடிக்கப் போனார். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“குறியை எடுத்துட்டாங்களா?” என்று பெரியம்மா கேட்டார்.

“ரெண்டையும் எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு போட்டிருக்காங்க. ‘விருந்தாளியைத் தன் வேலையைச் செய்ய விட்டார்.’ மட்டம் போடறதைவிடப் பெரிய தப்பு அது. நேத்து எழுதிக் குடுக்க வச்சீங்களே, அதுதான் சாட்சி.”

பெரியம்மா நீட்டிய கையை மெல்லக் கீழே விட்டார்.

“உங்களை வேணாம்னு சொன்னேன்ல? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அங்க போய்ச் சண்டை போடறதுக்கு முன்னாடி, ‘நான் போகட்டுமா’ன்னு ஒரு வார்த்தை? உங்களுக்கு எட்டு நாள் சும்மா இருக்க முடியல. அதுக்கு என் வயித்துல ஏன்க்கா கை வைக்கிறீங்க?”

பெரியப்பா ஏதோ சொல்ல வந்தார். பெரியம்மா கையமர்த்தினார். “அவ சொல்லட்டும். சொல்றது சரி” என்றார். பெரியப்பா அதைத்தான் என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் கேட்டறியாத வார்த்தை அது.

அந்த அம்மா படுக்கையை விரித்து முடித்தார். பெரியம்மா நாற்காலியில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவுவரை போன அந்த அம்மா திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

“நாளைக்குக் கருத்துத் தாள் ஒண்ணு தருவாங்க. ஒப்பந்தம் போடும்போது அதைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க. அதுல கோபமா ஒண்ணும் எழுதாதீங்க. நியாயம் கேட்காதீங்க. எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க. எனக்கு உதவி பண்ணணும்னா அது ஒண்ணுதான் உதவி.”

ஏழாம் நாள் தாள் வந்தது. பதினாறு கேள்விகள். பெரியம்மா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். உணவு, மிக நன்று. கேபின் பராமரிப்பு, மிக மிக நன்று. ஒன்பதாவது கேள்வி, மேற்பார்வையாளரின் நடத்தை. பேனா அங்கே நின்றுவிட்டது.

“இந்தாளுக்கும் மிக நன்றா?”

“போட்டுடு” என்றார் பெரியப்பா. சண்டைக்குப் பிறகு அவர் பெரியம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை.

“போடறேன். என் கையெழுத்துல இப்படி ஒரு பொய் இதுவரைக்கும் விழுந்ததில்ல.” பேனா அழுத்தியதில் தாள் பின்பக்கம் புடைத்துக்கொண்டது. கடைசிக் கேள்வி, மீண்டும் எங்களோடு பயணம் செய்வீர்களா? ‘கட்டாயம்’ என்று எழுதினார்.

“நிஜமாவா?” என்றார் பெரியப்பா.

“வாயைத் திறந்தீங்கன்னா தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்.”

எட்டாம் நாள் இறங்கும்போது ஊழியர்கள் படிக்கட்டு ஓரம் வரிசையாக நின்று கையசைத்தார்கள். அந்த அம்மாவும் நின்றார். பெரியம்மா கிட்டே வந்ததும், உதடு அசையாமல், “ஒப்பந்தம் போட்டுட்டாங்கக்கா. இதே கப்பல். இன்னும் ஒன்பது மாசம்” என்றார்.

“நடுவுல வீட்டுக்கு?”

“பதினோரு நாள்.”

அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அது சந்தோஷமா இல்லையா என்று பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. வாழ்த்துச் சொல்ல வாய் எடுத்தவர், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் நன்றாகக் குனிந்து, “உங்க கருத்துக்கு ரொம்ப நன்றி மேடம், மறுபடி வாங்க” என்றார்.

பெரியம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார்.

“அவர் உன்னைத்தான் பார்த்துச் சொல்றாரு. ஒரு தலையாவது ஆட்டக்கூடாதா?” என்று பெரியப்பா பின்னாலேயே ஓடினார்.

“தாள்ல ஆட்டினது போதும்” என்றார் பெரியம்மா.