தொப்பிக்கு வைத்த பொட்டு

அப்பா கடைசியாக வைத்த சந்தனப் பொட்டு, கொள்ளுத்தாத்தாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படத்தில் இறுகியிருந்தது. கண்ணாடியை நகத்தால் சுரண்டினேன். தொப்பியின் முகப்பில் இரண்டு கோடரிகள் குறுக்காகத் தெரிந்தன. அப்படியானால் இடுப்பில் தொங்குவதும் துப்பாக்கி உறையல்ல, கோடரி உறை. அவர் பட்டாளத்துக்காரரே இல்லை, தீயணைப்புக்காரர்.

விரலில் ஒட்டிய சந்தன வாசனை என்னைச் சிறுவயதில் வாழ்ந்த கோலா கெத்தில் எஸ்டேட் வீட்டுக்கு இழுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணிப் புகைக்குள் நின்று அப்பா பொட்டு வைப்பார்.

"ஏன்ப்பா நெத்தியில வைக்காம தொப்பியில வைக்கிறீங்க?"

"பட்டாளத்துக்காரருக்குத் தொப்பிதான் மரியாதை. போ!"

அதை நம்பிப் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

இப்போது உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் நடந்தபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, கொள்ளுத்தாத்தா பட்டாளம் இல்ல, பொம்பா! தீயணைக்கிறவரு!"

"தெரியும்லா. வாராவாரம் கண்ணாடியத் தொடச்சது நான்தானே? தொடச்சு முடிக்கிறதுக்குள்ள உங்கப்பா சந்தனத்தோட வந்து நின்னுருவாரு."